காணப்படாமல் காண்பவன்

ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய ஒரு சோதனை உண்டு. வணிகனுக்குத் தராசு சோதனை. வைத்தியனுக்கு நோயாளியின் அறியாமை சோதனை. நீதிபதிக்கு வேண்டியவர்களின் முகம் சோதனை. இவற்றைப் பற்றி நம் முன்னோர் நிறையவே பேசியிருக்கின்றனர். ஆனால் அவர்கள் அறிந்திராத தொழில்கள் சில நம் காலத்தில் தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்று, பொலிஸ் ஹெலிகொப்டரில் அமர்ந்து, வானிலிருந்து கீழே உள்ளோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழில்.

இது இளைஞர் மனத்தை எளிதிற் கவரும் தொழில். கனடாவில் நம்மவர் பெருந்தொகையாக வாழும் மார்க்கம் நகரை உள்ளடக்கிய யோர்க் பிராந்தியப் பொலிஸாரிடம் ஹெலிகொப்டர் உண்டு. லண்டன் மாநகரின் மேலும் பொலிஸ் ஹெலிகொப்டர் பறக்கின்றது. அந்நாடுகளிற் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் ஒருவர், “நானும் அதில் ஏறிக் கடமையாற்றப் போகிறேன்” என்று சொன்னால், ஊரிலிருக்கும் அம்மம்மா முதலிற் கேட்பது, “ஐயோ பிள்ளை, விழுந்திடாதோ?” என்பதாகவே இருக்கும். அது நியாயமான கேள்வி. ஆயினும் அதனினும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. தன்னை எவரும் காணாதிருக்க, தான் எல்லோரையும் காணும் ஒருவன், நாளடைவில் எத்தகைய மனிதனாக ஆவான்? இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியது.

தொழிலின் தன்மை

முதலில் இத்தொழில் எத்தகையது என்று பார்ப்போம். அமெரிக்காவில் நியூயோர்க் பொலிஸார் 1948ஆம் ஆண்டிலேயே ஹெலிகொப்டரைப் பயன்படுத்தத் தொடங்கினர். லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் 1956ஆம் ஆண்டு ஒரேயொரு ஹெலிகொப்டருடன் ஆரம்பித்தனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் பிரிவுகள் தனித்தனியே நடத்தி வந்த வான் சேவைகள், 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் தொடங்கிய தேசிய பொலிஸ் வான் சேவையின் கீழ் படிப்படியாக ஒன்றாக்கப்பட்டன.

அச்சேவையின் ஹெலிகொப்டரில் வழமையாக மூவர் செல்வர். ஒருவர் விமானி. அவர் பொலிஸ்காரர் அல்லர். தொழில்முறை விமானிக்குரிய அனுமதிப்பத்திரம் பெற்ற குடிமகன். மற்ற இருவரும் முன்னர் வான் அவதானிப்பாளர் என்று அழைக்கப்பட்டவர்கள். அவ்விருவருள் ஒருவர் முன்னால் விமானியின் அருகே அமர்ந்து கமெராவை இயக்குவார். மற்றவர் பின்னால் அமர்ந்து, வரைபடத்தைப் பார்த்து, தரையிலுள்ள உத்தியோகத்தர்களோடு றேடியோவிற் பேசுவார். லொஸ் ஏஞ்சல்ஸிலோ விமானியும் அவதானிப்பாளரும் இருவருமே பொலிஸ் உத்தியோகத்தர்கள்.

சுழன்று திரும்பும் ஹெலிகொப்டரில் தலை சுற்றாமல் வரைபடத்தை வாசிக்கவும், காதில் ஒரே வேளையில் ஒலிக்கும் பல குரல்களைப் பிரித்தறியவும், கண்டதைச் சில சொற்களிற் சொல்லவும் தெரிந்தவரே அவதானிப்பாளராக முடியும். இவை பயிற்சியால் வருபவை. இவற்றிற்கு அப்பால் வேண்டப்படுவது என்ன என்பதே நம் விசாரணை.

இத்தொழிலால் விளையும் நன்மை பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. நினைவு மங்கிய முதியவர் ஒருவர் குளிர்கால இரவில் வீட்டை விட்டு வெளியேறி வயல்வெளியில் விழுந்து கிடந்தால், கால்நடையாகத் தேடுவோர் அவரைக் கண்டடைய விடிந்துவிடலாம். வெப்பத்தைப் பதியும் கமெராவோ, குளிர்ந்த நிலத்தின் மேல் ஓர் உடலின் சூட்டைச் சில நிமிடங்களிற் காட்டிவிடும். களவெடுத்த காரில் வெறிகொண்டு ஓடும் ஒருவனைத் தெருவிலே துரத்தினால் வழியிற் செல்வோர் மடியக்கூடும். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் கீழே துரத்துவோர் வேகத்தைக் குறைக்கலாம். ஆகவே, உயிரைக் காக்கும் கருவி இது. கருவி நல்லதா கெட்டதா என்பதல்ல நம் முன்னுள்ள கேள்வி. அதைக் கையாளும் மனிதனைப் பற்றியதே கேள்வி.

மேய்ப்பனின் மோதிரம்

கிரேக்க ஞானி பிளேட்டோ, ‘குடியரசு’ என்னும் தம் நூலின் இரண்டாம் பகுதியிலே ஒரு கதையை வைத்திருக்கிறார். லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கின்றது. அதன் கல்லை உட்புறமாகத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியாமற் போகிறான். அவன் அரண்மனைக்குச் செல்கிறான், அரசியைக் கெடுக்கிறான், அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். நீதிமானுக்கும் அநீதனுக்கும் இத்தகைய மோதிரம் ஒவ்வொன்று கிடைத்தால் இருவரும் ஒரே வழியிலேதான் நடப்பார்கள் அல்லவா என்று அந்நூலில் ஒருவர் வாதிடுகின்றார். பிடிபடுவோம் என்ற பயந்தான் மனிதனை ஒழுங்காக வைத்திருக்கின்றது என்பது அவர் வாதம். மோதிரம் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதியே மனிதனுக்கு நல்லது, ஏனெனில் அநீதி முதலிற் கெடுப்பது அதைச் செய்பவனின் ஆன்மாவையே என்பது நூலின் முடிவு.

இக்கதை வெறுங்கற்பனை அன்று என்பதை இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு காட்டிற்று. தென் யோர்க்ஷயர் பொலிஸ் பிரிவில் வான் அவதானிப்பாளராக இருந்த ஒருவர், 2007ஆம் ஆண்டுக்கும் 2012ஆம் ஆண்டுக்கும் இடையில், தம் வீட்டு வளவினுள் தனிமையில் இருந்த மனிதரை, அவர்கள் ஆடையின்றி இருந்த வேளையில், ஹெலிகொப்டர்க் கமெராவினாற் படம் பிடித்தார். 2017ஆம் ஆண்டு செஃபீல்ட் நகர நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தம்மைச் சுற்றி மதிலும் வேலியும் இருக்கின்றன என்று நம்பியிருந்த அம்மனிதர், மேலே கேட்ட ஓசை யாரோ ஒரு குற்றவாளியைத் தேடுகின்றது என்றே எண்ணியிருப்பர். தம்மைக் காக்க வரிப்பணத்தில் வாங்கப்பட்ட கண் தம்மையே அவமதிக்கின்றது என்று அவர்கள் எப்படி அறிவர்?

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அவரது குற்றத்திற்குச் சாட்சியாக வந்தது அந்தக் கமெராவின் பதிவே. காண்பவனும் காணப்படக்கூடியவனாக இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். மனச்சாட்சி ஒன்றே போதும் என்று சமுதாயம் இருந்துவிடலாகாது. கமெரா பதிந்தவை எவை, அவை எத்தனை நாட்கள் வைக்கப்படும், யார் அவற்றைப் பார்க்கலாம் என்பதற்கு விதி வேண்டும். அவ்விதியைப் பரிசோதிக்க வெளியார் வேண்டும். அதே வேளை, விதி மட்டும் போதும் என்று தனி மனிதனும் இருந்துவிடலாகாது. தேடும் பொருள் கிடைக்கவில்லையெனில் கமெராவைத் திருப்பிவிட வேண்டும். தற்செயலாகக் கண்ணிற் பட்டதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் விட வேண்டும். அக்கணத்தில் அவனைக் கட்டாயப்படுத்த எவரும் அருகில் இல்லை. பார்க்கக்கூடியதைப் பாராதிருத்தலும் இத்தொழிலில் ஒரு திறமை; அதைப் பயிற்சிக் கூடத்தில் மட்டும் கற்க இயலாது.

கண்டதும் சொன்னதும்

இரண்டாவது பொறுப்பு நாவைப் பற்றியது. அவதானிப்பாளர் தாமாக எவரையும் கைது செய்வதில்லை. அவர் சொல்லும் சொல்லைக் கேட்டே கீழே உள்ளோர் கதவைத் தட்டுகின்றனர், நாயை ஏவுகின்றனர், துப்பாக்கியை உயர்த்துகின்றனர். ஆகவே, கண்டதற்கும் சொன்னதற்கும் இடையே ஒரு நூலிடையேனும் வேறுபாடு இருக்கக் கூடாது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பொஸ்டன் நகர மரதன் ஓட்டத்தில் குண்டு வைத்த சகோதரர் இருவரில், உயிரோடு எஞ்சிய இளையவன், வோட்டர்டவுண் என்னும் ஊரில் ஒரு வீட்டு வளவில் நின்ற படகினுள் ஒளிந்திருந்தான். முதலில் ஐயங்கொண்டவர் அந்த வீட்டுக்காரர். அவர் படகிலே இரத்தத்தைக் கண்டார். பின்னர் மாநிலப் பொலிஸ் ஹெலிகொப்டர் வந்து, மூடியிருந்த உறையின் கீழே ஒரு மனித உடல் கிடப்பதையும் அசைவதையும் வெப்பக் கமெராவினால் உறுதி செய்தது. கமெரா சரியாகவே கண்டது. ஆனால் அவன் கையில் ஆயுதம் இருந்ததா என்பதை அது காட்டவில்லை; காட்டவும் இயலாது. தரையில் நின்ற பொலிஸார் பல முறை சுட்டனர். அவனைப் பிடித்த பின் படகிலே துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை. அவன் செய்த கொடுமை மன்னிக்க முடியாதது என்று எவரும் சொல்லலாம். அதுவல்ல இங்கே விடயம். மிகச் சரியாகக் காணும் கருவியும் தேவையான அனைத்தையும் காண்பதில்லை என்பதே விடயம். கருவி காட்டாத பகுதியை நம் அச்சம் தானே நிரப்பிவிடுகின்றது.

ஆதலால், “ஓர் உருவம் அசைகின்றது” என்று சொல்வது ஒன்று. “அவன் எதையோ எடுக்கிறான்” என்று சொல்வது இன்னொன்று. முன்னது காட்சி, பின்னது ஊகம். நல்ல அவதானிப்பாளர் முன்னதையே சொல்வார். பின்னதைச் சொல்ல நேர்ந்தால் அது தம் ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல்வார். திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்னும் அதிகாரத்திலே, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கவும், மூவரின் சொல் ஒத்திருந்தால் மட்டுமே நம்பவும் அரசனுக்கு அறிவுரை சொல்கின்றார். அரசன் காலத்து ஒற்றனுக்குச் சொன்னது ஆகாயத்து ஒற்றனுக்கும் பொருந்தும்.

சட்டம் விட்ட இடம்

மேலிருந்து பார்ப்பது எந்த அளவு வரை நியாயம் என்ற கேள்வியில் அமெரிக்க நீதிபதிகளே பிளவுபட்டு நின்றனர். புளோரிடா மாநிலத்தில் ஒருவரின் வளவில் இருந்த செடி வளர்க்கும் கூடாரத்தின் மேல் 400 அடி உயரத்திற் பறந்த பொலிஸ் ஹெலிகொப்டரிலிருந்து ஓர் உத்தியோகத்தர், கூரையில் தகடு இல்லாத இடைவெளியூடாகக் கஞ்சாச் செடிகளைக் கண்டார். அதற்குத் தேடுதல் ஆணை தேவையில்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1989ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். 2001ஆம் ஆண்டில் இன்னொரு வழக்கிலே, ஒரு வீட்டின் சுவரிலிருந்து வெளிவரும் வெப்பத்தைத் தெருவிலிருந்து கருவியால் அளப்பதற்கு ஆணை வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லிற்று. அப்போதும் ஐவருக்கு நால்வர்.

பால்டிமோர் நகரில் 2020ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை நடந்தது. சிறு விமானங்கள் பகல் முழுவதும் பறந்து நகரின் பெரும்பகுதியைத் தொடர்ந்து படம் பிடித்தன. படத்தில் ஒரு மனிதன் வெறும் புள்ளியாகவே தெரிவான். ஆகவே யாருடைய அந்தரங்கமும் கெடாது என்று பொலிஸ் தரப்பு வாதிட்டது. 2021ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. மாலையில் ஒரு வீட்டிற்குள் நுழைந்து காலையில் அதே வீட்டிலிருந்து வெளிவரும் புள்ளி யார் என்று கண்டுபிடிப்பது கடினமன்று. அவர் எந்த வைத்தியரிடம் போகிறார், எந்தக் கூட்டத்திற்குப் போகிறார், எந்த ஆலயத்திற்குப் போகிறார் என்பதெல்லாம் பின்னர் வெளிப்பட்டுவிடும். இங்கும் எட்டு நீதிபதிகளுக்கு ஏழு நீதிபதிகள் எதிராக நின்றனர்.

கற்றறிந்த நீதிபதிகளே ஒரு வாக்கினாற் பிரிந்து நின்றனர் என்றால், சட்டம் அனுமதித்த எல்லாம் சரி என்று சொல்லி ஒருவன் உறங்கிவிட முடியாது. சட்டம் எல்லைக்கோட்டைப் போடுகின்றது. அக்கோட்டின் உட்புறத்திலும் பண்பாகப் பறக்கலாம், பண்பின்றியும் பறக்கலாம்.

கீழிருந்து பார்க்கும்போது

மேலிருப்பவனின் கண்ணால் மட்டும் இதைப் பார்ப்பது போதாது. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஹெலிகொப்டரின் ஓசை கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடிய தலைமுறை நம் குடும்பங்களில் இன்றும் இருக்கின்றது. அது படையினரின் ஹெலிகொப்டர்; இங்கே பேசப்படுவது பொலிஸாரின் ஹெலிகொப்டர். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரும் அந்த ஓசை சிலரை உறக்கத்திலிருந்து எழுப்பியதுண்டு. மேலே இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது ஓசையும் வெளிச்சமுந்தான். இதை நாம் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கணக்காய்வு அலுவலகம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அந்நகரப் பொலிஸ் ஹெலிகொப்டர்களுக்கு ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 4 கோடியே 66 இலட்சம் டொலர் செலவாகின்றது என்றும், பறந்த நேரத்தில் 61 வீதம் அவசரம் குறைந்த அலுவல்களுக்கே சென்றது என்றும் கூறிற்று. சாதாரண ரோந்தும், விழாக்களுக்கு மேலே பறத்தலும், ஆட்களை ஏற்றியிறக்கலும் அவற்றுள் அடங்கும். பணம் ஒருபுறம் இருக்கட்டும். நள்ளிரவில் தன் கூரைக்கு மேல் சுற்றும் ஹெலிகொப்டரைக் கேட்டு விழிக்கும் ஏழைக் குடும்பத்தின் அமைதிக்கும் ஒரு விலை உண்டு. உயிரைக் காக்கப் பறக்கும்போது அவ்விலையைக் கேட்பது நியாயம். இருக்கின்றது என்பதற்காகப் பறக்கும்போது அது நியாயமாகாது.

இறங்கத் தெரிதல்

கடைசியாக, அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி இரவு, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று, மக்கள் நிறைந்திருந்த மதுச்சாலை ஒன்றின் கூரை மேல் விழுந்தது. ஹெலிகொப்டரில் இருந்த மூவரும் கீழே இருந்தோரில் எழுவரும் மாண்டனர். விமான விபத்து விசாரணைப் பிரிவு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பிரதான தாங்கியில் 76 கிலோகிராம் எரிபொருள் இன்னும் இருந்தது. ஆனால் அதை இயந்திரங்களுக்கு ஊட்டும் சிறு தாங்கிகளுக்கு அனுப்ப வேண்டிய பம்பிகள் நிறுத்தப்பட்டிருந்தன. எரிபொருள் குறைவு என்ற எச்சரிக்கை ஐந்து முறை தோன்றியது. அவ்வெச்சரிக்கை வந்தால் பத்து நிமிடங்களுக்குள் தரையிறங்க வேண்டும் என்பது விதி. ஹெலிகொப்டர் தரையிறங்கவில்லை. எச்சரிக்கை தவறாக இருக்கக்கூடும் என்று எண்ணி விமானி துணிந்துவிட்டார் என்பது 2019ஆம் ஆண்டில் வெளிவந்த நீதி விசாரணையின் முடிவு. பறப்புப் பதிவுக் கருவி அதிற் பொருத்தப்பட்டிருக்கவில்லை. அன்று அது கட்டாயமுமன்று. ஆகவே அவர் மனத்தில் அப்போது என்ன ஓடியது என்பதை இனி எவரும் அறியார். மாண்டவரைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஆனால் ஒன்றைச் சிந்திக்கலாம். கடமையில் ஆர்வமுள்ள மனிதனுக்குத்தான், “இன்னும் ஓரிடம் பார்த்துவிட்டு இறங்குவோம்” என்ற சோதனை வருகின்றது. சோம்பேறிக்கு அது வருவதில்லை. அமெரிக்காவின் வான் அம்புலன்ஸ் சேவைகள் பலவற்றில், வானிலை பறப்பதற்கு ஏற்றதா என்று விமானி முடிவெடுக்கும்வரை, நோயாளி குழந்தையா முதியவரா என்பதை அவருக்குச் சொல்வதில்லை. இரக்கம் அவருடைய கணக்கைப் பிழைக்கச் செய்துவிடும் என்பதே காரணம். நல்ல நோக்கமும் கண்ணை மறைக்கும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. பிறரை ஆயிரம் அடி கீழே நுணுக்கமாகக் காண்பவன், தன் முழங்காலுக்கு முன்னால் எரியும் சிறு விளக்கைக் காணத் தவறலாம். ஆதலால் இத்தொழிலில் மூன்றாவதாக வேண்டப்படுவது தன்னைத் தான் பார்க்கும் பழக்கம். உடன் இருப்பவர், “இறங்குவோம்” என்று சொன்னால் அதை அவமானமாகக் கொள்ளாத தாழ்மையும் அதனுடன் சேர்ந்தது.

இன்று பல நாடுகளின் பொலிஸார் ஆளில்லாச் சிறு விமானங்களையும் பயன்படுத்துகின்றனர். அதை இயக்குபவர் தரையிலே நின்று திரையைப் பார்க்கின்றார். அவருக்கு விழும் ஆபத்து இல்லை, ஓசையும் மிகக் குறைவு, செலவும் குறைவு. அதனாலேயே சோதனை அதிகம். மோதிரம் முன்னரிலும் மலிவாகிவிட்டது. நம் வீட்டு வாசலிலும் கமெரா வந்துவிட்ட காலத்தில், அயலவர் வளவை நோக்கி அதைத் திருப்பாதிருக்க வேண்டிய கடமை நமக்கும் உண்டு.

அப்படியாயின், நம் பிள்ளை இத்தொழிலுக்குப் போகலாமா? போகலாம் என்பதே நம் எண்ணம். நல்லவர் விலகி நின்றால் அந்த ஆசனம் வெறுமையாக இருக்கப் போவதில்லை. வேறொருவர் அதில் அமர்வார். ஆனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் பெற்றோர் அந்தப் பிள்ளையை அருகில் இருத்தி மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று. யாரும் பார்க்காத வேளையில் பிறர் கடிதத்தைத் திறக்காமல் இருக்க உனக்கு முடியுமா? “எனக்குத் தெரியவில்லை” என்று பலர் முன் சொல்ல உனக்கு வெட்கமா? மற்றவர் “போதும்” என்றால் நீ நிறுத்துவாயா? கணக்கிலும் ஆங்கிலத்திலும் அவன் பெற்ற புள்ளிகளைப் பரீட்சகர் பார்த்துக்கொள்வார். இம்மூன்றுக்கும் விடையை வீட்டிலிருப்போரே அறிவர். அந்த விடை சிறு வயது முதல் அவ்வீட்டிலேயே உருவாகி வந்திருக்கின்றது.